பென்டடோனிக் ஸ்கேல் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் கிட்டாரில் என்ன கேட்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில். கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் வாராவாரம் கொண்டுவரும் கோளாறுகள் பெரும்பாலும் முதல் இரண்டு காரணங்களிலேயே தீர்ந்துவிடும்.

உதாரணங்கள் எல்லாமே ஏ மைனர் பென்டடோனிக் (ஐந்தே சுரங்கள் கொண்ட ஸ்கேல்), முதல் பாக்ஸ் (கையை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வாசிக்கும் சுர அமைப்பு). தடித்த கம்பி 6, மெல்லிய கம்பி 1. எதிரே உள்ள எண்கள் ஃப்ரெட்டுகள், அதாவது நெக்கில் (கிட்டாரின் கழுத்தில்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டங்கள்.

6ஆம் கம்பி: 5, 8
5ஆம் கம்பி: 5, 7
4ஆம் கம்பி: 5, 7
3ஆம் கம்பி: 5, 7
2ஆம் கம்பி: 5, 8
1ஆம் கம்பி: 5, 8

5ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், 7க்கு மோதிர விரல், 8க்குச் சுண்டுவிரல். சுரங்கள் ஏ, சி, டி, ஈ, ஜி. பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு ஒரு வரி: ஏ-யை சட்ஜமாக வைத்தால் இது சுத்த தன்யாசி, சி-யை சட்ஜமாக வைத்தால் மோகனம். கமகம் இல்லாமல் ராகமா என்று சண்டைக்கு வராதீர்கள், ஸ்வர ஸ்தானத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் டியூனர்

போனில் சுருதி காட்டும் டியூனர் ஆப் போதும். சுருதி ஏறியிருந்தால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டுக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பி நழுவாமல் நிற்கும். புதுக் கம்பி போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள், இரண்டு மூன்று முறை. இதைச் செய்யாமல் கீழே படிப்பது வீண்.

## அறிகுறி: சுரம் கர்ர்ரென்று அதிர்கிறது, அல்லது செத்த மாதிரி கேட்கிறது

### விரல் வைக்கும் இடம்

பத்தில் எட்டுப் பேருக்கு என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. விரல் இரண்டு ஃப்ரெட் பட்டைகளுக்கு நடுவில் நிற்கும். உடல் பக்கமுள்ள பட்டையை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் நிற்க வேண்டும். சோதனை எளிது: 6ஆம் கம்பி 8ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வைத்து, பட்டையிலிருந்து தள்ளி ஒரு முறை, ஒட்டி ஒரு முறை மீட்டுங்கள். ஒட்டி வைத்தபோது பாதி அழுத்தத்திலேயே சுத்தமாகக் கேட்டால் கோளாறு முடிந்தது.

இடது கை நகத்தையும் பாருங்கள். நகம் வளர்ந்திருந்தால் விரல் நுனி நிமிர்ந்து நிற்காது, சாய்ந்து படுத்துப் பக்கத்துக் கம்பியை அடைத்துவிடும்.

### பழைய கம்பி

கம்பியின் அடிப்பக்கத்தில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலோ விரலில் கறுப்பாக ஒட்டினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், கை வியர்ப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து வைத்தாலே ஆயுள் கூடும்.

### நெக் வளைவும் கம்பி உயரமும்

விரல் சரி, கம்பி புதிது, இன்னும் அதிர்கிறதா? 6ஆம் கம்பியை 1ஆம் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், 14ஆம் ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். 7ஆம் ஃப்ரெட்டின் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு மட்டுமட்டாக நுழையும் இடைவெளி இருக்கலாம். இடைவெளியே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. முதல் சில ஃப்ரெட்டுகளில் அதிர்வதற்கு அது காரணமாகலாம். மூன்று நான்கு கார்டு நுழைந்தால் முன்பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது.

அடுத்து, 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். பட்டையின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் 6ஆம் கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர், 1ஆம் கம்பி 2-க்குக் கொஞ்சம் குறைவு என்றால் வசதியாக வாசிக்கலாம். எலெக்ட்ரிக்கில் இன்னும் தாழ்வாக இருக்கும். 4 மில்லிமீட்டர் காட்டினால் விரலைத் திட்டாதீர்கள், அந்த உயரத்தில் யாருக்கும் வலிக்கும்.

### எப்போது கடைக்கு எடுத்துப் போவது

டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) நீங்களே திருப்பலாம், ஆனால் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதைத் திருப்பும் ஆலன் கீ இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். ராடு முறுக்கி உடைந்தால் அதன் செலவு வேறு கணக்கு. சில மலிவான கிட்டார்களில் டிரஸ் ராடே கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பியானாலும் ஒரே ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும் அதிர்ந்தால், ஒரு பட்டை தூக்கியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். இது ரிப்பேர்காரர் வேலை. பிரிட்ஜின் (கம்பிகள் உடல் பக்கம் முடியும் கட்டை) பின்பக்க விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவிட்டுக் கொண்டுபோங்கள். ரிப்பேர் செலவு கிட்டார் விலையில் பாதியைத் தாண்டினால் நான் ரிப்பேர் செய்யச் சொல்ல மாட்டேன்.

## அறிகுறி: டியூனர் சரி என்கிறது, பாக்ஸில் வாசித்தால் சுருதி விலகுகிறது

முதல் சந்தேகம் அழுத்தம். டியூனரை ஓடவிட்டு 3ஆம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டை லேசாகப் பிடித்து மீட்டுங்கள், அப்புறம் முழு பலத்தோடு பிடியுங்கள். முள் வலப்பக்கம் ஓடும். பயத்தில் கிட்டாரை நெரிப்பவர்களுக்கு எல்லாச் சுரமும் இப்படித்தான் ஏறிப் பேசும். சுரம் கேட்கும் அளவுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் எது என்று ஒவ்வொரு விரலுக்கும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது பழைய கம்பி. அதுவும் இல்லையென்றால் இன்டொனேஷன், அதாவது நெக் நெடுக எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது. 12ஆம் ஃப்ரெட் பட்டைக்கு நேர் மேலே விரலை ஒட்டி ஒட்டாமல் வைத்து ஹார்மானிக் (மணி போல ஒலிக்கும் சுரம்) எடுங்கள், அப்புறம் அதே இடத்தை அழுத்திப் பிடித்து மீட்டுங்கள். இரண்டும் டியூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எலெக்ட்ரிக்கில் அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை) நெக்கிலிருந்து விலக்குங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம் தள்ளுங்கள். அக்கூஸ்டிக்கில் திருகு எதுவும் இல்லை, சேடில் எலும்பைத் தேய்த்து வடிவம் மாற்ற வேண்டும், அதைக் கடையில் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சுண்டுவிரல் 8ஆம் ஃப்ரெட்டை எட்டவில்லை

கை சின்னது என்று முடிவுகட்டுவதற்கு முன் கட்டைவிரலைப் பாருங்கள். நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை நெக்கின் பின்பக்க நடுவுக்கு, நடுவிரலுக்கு எதிரே இறக்குங்கள். உள்ளங்கை விலகி விரல்கள் தானாக விரியும். அப்படியும் எட்டவில்லையா? கிட்டார் மடியில் சரிந்து கிடக்கிறதா பாருங்கள். ஸ்டிராப் போட்டு, உட்கார்ந்திருக்கும்போதும் நெக்கின் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி வைத்தால் மணிக்கட்டு மடங்காது.

பாக்ஸை அப்படியே 12ஆம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் ஈ மைனர் பென்டடோனிக் ஆகிவிடும். அங்கே ஃப்ரெட் இடைவெளி நெக்கின் தொடக்கத்தில் இருப்பதில் பாதிதான். விரல் வரிசையை அங்கே பழகி, நாளுக்கொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள். ப்ளூஸ் வாசிப்பவர்கள் பலர் 1, 2 கம்பிகளில் 8ஆம் ஃப்ரெட்டுக்கும் மோதிர விரலையே வைப்பார்கள். குற்றமில்லை, ஆனால் சுண்டுவிரல் வந்தபிறகு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: மெதுவாக வருகிறது, வேகம் கூட்டினால் சிதறுகிறது

சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோமை 60-ல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, தட்டுக்கு இரண்டு சுரமாக முழு பாக்ஸையும் ஏறி இறங்குங்கள். எங்கே தடுக்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் 3ஆம் கம்பியிலிருந்து 2ஆம் கம்பிக்குப் போகும் இடம். 5ஆம் கம்பியிலிருந்து அதுவரை ஆள்காட்டியும் மோதிர விரலும் பார்த்துக்கொண்ட வேலையில் அங்கே திடீரென்று சுண்டுவிரல் நுழைகிறது. முழு பாக்ஸையும் நூறு தடவை ஓட்டுவதால் இது சரியாகாது. 3ஆம் கம்பி 5, 7, 2ஆம் கம்பி 5, 8 என்ற நான்கு சுரங்களை மட்டும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். மூன்று முறை சுத்தமாக வந்தால் மெட்ரோனோமை 4 ஏற்றுங்கள், தடுக்கினால் 8 இறக்குங்கள்.

இடது கை சரியாக இருந்து வலது கை தடுக்கினால்: கம்பிக்கு இரண்டு சுரம், கீழ்-மேல் என்று மாற்றி மாற்றி அடித்தால் ஒவ்வொரு கம்பியும் கீழ் அடியில்தான் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு கம்பி மாற்றத்திலும் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஒரு கம்பியைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும். பிக் விரலுக்கு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குதியில் மாட்டும். 3, 4 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். தாள் மாதிரி வளையும் பிக்கை விட்டு 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் பிக் வாங்குங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான செலவு இதுதான்.

வாசிக்காத கம்பியும் கூடவே முனகினால், ஆள்காட்டி விரல் நுனி மேலே இருக்கும் தடித்த கம்பியை லேசாக உரசும்படி வையுங்கள். மற்ற தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம் அடக்கட்டும்.

## அறிகுறி: ஸ்கேல் வருகிறது, பாட்டு வரவில்லை

வீட்டில் யாராவது "என்ன வாசிக்கிற?" என்று கேட்டு, "ஸ்கேல்" என்று பதில் சொல்ல வேண்டியிருந்தால் உங்கள் கோளாறு இதுதான். கிட்டாரில் எந்தத் தவறும் இருக்காது. மாடிப்படி ஏறி இறங்குவது போல வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இந்தத் தலைப்பில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் கிட்டாரை மூலையில் சாத்தி வைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

### எப்போதும் ஒரே இடத்தில் தொடங்குகிறீர்கள்

சோதனை: 3ஆம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டில் தொடங்கி, எந்தப் பக்கமாவது ஐந்து சுரம் போங்கள். 6ஆம் கம்பிக்கு ஓடிப்போய் அங்கிருந்து ஏறிவரத் தோன்றினால், விரலுக்கு வரிசை மட்டும்தான் மனப்பாடம் ஆகியிருக்கிறது. மருந்து: ஒரு வாரத்துக்கு 6, 5, 4 கம்பிகளைத் தொடாதீர்கள். மீதி மூன்று கம்பிகளில் ஆறு இடங்கள்தான் இருக்கும். அந்த ஆறில் என்ன பேச முடியுமோ பேசுங்கள்.

### மூச்சு விடுவதில்லை

நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தித்தான் ஆக வேண்டும். கிட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நிற்காமல் ஓடுகிறோம். போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள், எத்தனை இடத்தில் அமைதி இருக்கிறது? ஒன்றுமே இல்லையென்றால், வாசிப்பதை வாயால் முனகிக்கொண்டே வாசியுங்கள். மூச்சு தீர்ந்த இடத்தில் கையும் நிற்கட்டும். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

### எந்தச் சுரத்தில் நிற்பது என்று தெரியவில்லை

ஏ மைனர், ஜி, எஃப், ஜி என்ற கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சுற்றி வரும் ஒரு பேக்கிங் டிராக்கை, அதாவது கூட வாசிப்பதற்கான பின்னணி இசையைப் போடுங்கள், அல்லது நீங்களே போனில் பதிவு செய்யுங்கள். ஏ மைனர் கார்ட் ஒலிக்கும்போது ஐந்து சுரங்களிலும் ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். ஏ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், சி-யும் ஈ-யும் அமைதியாக உட்காரும், டி-யும் ஜி-யும் இன்னும் ஏதோ சொல்ல வருவது போலத் தொங்கும். ஜி கார்ட் வந்ததும் நிலைமை மாறும். இப்போது ஜி-யும் டி-யும்தான் உட்காரும், சி-யில் நின்றால் உரசும். எஃப் கார்டில் ஏ, சி இரண்டும் சுகம்.

இப்போது இதை வாசியுங்கள்: 3ஆம் கம்பி 7, 2ஆம் கம்பி 5, 8, மறுபடி 5, 3ஆம் கம்பி 5, கடைசியாக 4ஆம் கம்பி 7. ஏ-யில் போய் முடியும். ஏ மைனர் கார்டுக்கு இது கச்சிதம். ஜி கார்டுக்குப் போகும்போது கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றி 3ஆம் கம்பி 7-ல் முடியுங்கள். ஐந்து சுரம் அதேதான், முடிவு ஒன்றுதான் மாறியது. கேட்பவருக்கு ஒன்று கேள்வி, ஒன்று பதில் என்று கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏ மைனர் பாட்டுகள் பலவற்றில் ஈ மேஜர் கார்ட் எட்டிப் பார்க்கும். அந்தக் கார்டில் இருப்பது ஜி ஷார்ப், உங்கள் ஸ்கேலில் இருப்பது ஜி. அங்கே ஜி-யில் நீளமாக நிற்காமல் ஈ-யில் நின்றுவிடுங்கள்.

### எல்லாச் சுரமும் ஒரே நீளம்

தகிட தகிட தக என்று வாயால் சொல்லுங்கள். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. இப்போது ஏதாவது மூன்று சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒன்றை அழுத்தி மீட்டுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். சுரம் எதையும் கூட்டாமலே தாளம் வந்து உட்காரும். மிருதங்கம் பழகியவர்களுக்கு இந்த விஷயத்தில் நான் சொல்லித் தர ஒன்றுமில்லை.

### யாரைக் கூப்பிடுவது

இரண்டு மாதம் இப்படி முயன்றும் பதிவு செய்ததைக் கேட்கப் பிடிக்கவில்லையென்றால், இன்னொரு கோர்ஸ் வாங்காதீர்கள். ஓர் ஆசிரியரிடம் இரண்டு வகுப்புக்கு மட்டும் போய், அவர் கார்ட் வாசிக்க நீங்கள் மேலே வாசியுங்கள், எங்கே பிடி தவறுகிறது என்று எதிரில் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார்.

## அறிகுறி: தனியாகச் சரி, பாட்டோடு சேர்த்தால் ஒட்டவில்லை

பாட்டு எந்தச் சுரத்தில் முடிந்து நிற்கிறது என்று முனகிப் பாருங்கள். அதை 6ஆம் கம்பியில் தேடுங்கள். கிடைத்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து பாக்ஸை வாசித்தால் மைனர். உரசினால், அதே இடத்தில் சுண்டுவிரலை வைத்து வாசியுங்கள், மேஜர். உதாரணமாகப் பாட்டு சி மேஜர் என்றால் 8ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல், ஆள்காட்டி தானாக 5-ல் விழும். நீங்கள் ஏற்கெனவே பழகிய அதே பாக்ஸ்.

இரண்டுமே ஒட்டாமல் எல்லாச் சுரமும் ஒரே அளவில் விலகினால் பதிவின் சுருதியைச் சந்தேகியுங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஸ்டீவி ரே வான் போன்ற கிட்டார் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு ஃப்ரெட் அளவு சுருதியை இறக்கித்தான் வாசித்தார்கள். பழைய ஒலிப்பதிவுகள் சில ஏ-யை 440 ஹெர்ட்ஸாக வைக்கும் இன்றைய கணக்குக்குக் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும். அப்படியானால் கிட்டாரைப் பாட்டுக்கு ஏற்ப டியூன் செய்துகொள்ளுங்கள்.

ஒரு சில சுரங்கள் மட்டும் உரசினால், அந்த மெட்டு ஐந்து சுரத்துக்குள் அடங்காதது. சினிமாப் பாட்டில் இது சகஜம். வேறு பாட்டை எடுங்கள்.

## அறிகுறி: ஒரு பாக்ஸை விட்டு வெளியே வர முடியவில்லை

இந்த ஸ்கேல் நெக் முழுக்க ஐந்து பாக்ஸாகப் பரவியிருக்கிறது. ஐந்து பாக்ஸையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். 3ஆம் கம்பியில் மட்டும் 2, 5, 7, 9, 12, 14 என்று ஏறி இறங்குங்கள். ஏ-யிலிருந்து அடுத்த ஏ வரை ஒரே கம்பியில் போய்விடலாம். அப்புறம் முதல் பாக்ஸின் 1, 2 கம்பிகளில் 8ஆம் ஃப்ரெட்டிலிருந்து 10ஆம் ஃப்ரெட்டுக்கு மோதிர விரலை வழுக்குங்கள். 2ஆம் கம்பி 10-ல் இருப்பது ஏ. அங்கே நின்று சுற்றுமுற்றும் வாசிக்கும் இடத்தைத்தான், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பெயரால், பி.பி. கிங் பாக்ஸ் என்கிறார்கள்.

## அறிகுறி: பெண்ட் செய்தால் சுரம் போய்ச் சேரவில்லை

பெண்ட் என்றால் அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. 3ஆம் கம்பி 9ஆம் ஃப்ரெட்டை முதலில் வாசித்துக் காதில் வாங்குங்கள். அதுதான் போக வேண்டிய இடம். அப்புறம் 7ஆம் ஃப்ரெட்டை மோதிர விரலால் பிடித்து, பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டியையும் துணைக்கு வைத்து மேலே தள்ளுங்கள். ஒற்றை விரலால் தள்ளுவதுதான் முதல் காரணம். பெண்ட் செய்யும்போது மட்டும் கட்டைவிரல் நெக்கின் மேல் ஏறலாம். விரலை மடக்காமல் மணிக்கட்டைத் திருப்புங்கள்.

அக்கூஸ்டிக்கில் 12 என்று தொடங்கும் செட் (1ஆம் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) போட்டிருந்தால் 3ஆம் கம்பி பொதுவாக மேலே மெல்லிய உலோகக் கம்பி சுற்றிய கம்பி, அதை முழுசாக பெண்ட் செய்வது பெரியவர்களுக்கே சிரமம். பாதி பெண்டோடு திருப்தியடையுங்கள், அல்லது 10 செட் போடுங்கள். எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10.

பெண்ட் செய்யும்போது தலைப்பக்கம் "டிக்" என்று சத்தம் வந்து, திரும்பி வந்த கம்பி சுருதி இறங்கியிருந்தால் நட்டில் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் தங்கும் சிறு துண்டில்) கம்பி மாட்டுகிறது. கம்பியைத் தளர்த்தி, அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்து மறுபடி டியூன் செய்யுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் நட்டின் பள்ளத்தை அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் அரத்தை எடுக்காதீர்கள், ஒரு இழுப்பு அதிகமானால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

## அறிகுறி: வலி

விரல் நுனி வலி முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் உண்டு. ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசிக்காமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். தோல் கிழிந்திருந்தால் ஆறும்வரை விடுங்கள்.

மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரலில் மரத்துப்போதல், சுரீரென்று இழுப்பது என்றால் உடனே நிறுத்துங்கள். கட்டைவிரல் நெரிப்பு, மடங்கிய மணிக்கட்டு, உயர்ந்த கம்பி இந்த மூன்றையும் மேலே சொன்னபடி பாருங்கள். ஓய்வெடுத்த பிறகும் திரும்பி வந்தால், அல்லது கிட்டார் இல்லாத நேரத்திலும் மரத்துப்போனால், டாக்டரிடம் போங்கள். எத்தனை நாள் விட வேண்டும் என்பதை அவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லட்டும், கிட்டார் வாத்தியாரிடம் கேட்காதீர்கள்.